கொக்குக் கதை கேட்ட மகனுக்கு

திருவொற்றியூர் குப்பம்
17.8.2003

அன்பு மகன் வெற்றிக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை கூசுகிறது, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். அங்கே மும்பையில் நீயும் மருமகளும் பாப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று வடிவுடையம்மனை வேண்டிக்கொள்கிறேன், அதில் மாற்றம் ஒன்றும் இல்லை. போனில் பேசலாம்தான், ஆனால் நான் பூத்தில் வரிசையில் நின்று உன்னைப் பிடித்து நாலு வார்த்தை பேசுவதற்குள் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, மடித்து மேஜைக்குள் போட்டாலும் அது அங்கேதான் கிடக்கும். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டது, இன்னொன்று அனுப்பவேண்டாம். லாரிகள் பகலெல்லாம் கல் கொண்டுவந்து கொட்டுகின்றன, சோற்றில் மண் இல்லாமல் சாப்பிட்டு ஒரு வருஷம் ஆகிறது.

உன் கடிதம் ஆடி கடைசியில் வந்தது. பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு பிள்ளை தன் வீட்டில் சொல்லும் கதையைக் கொண்டுவந்து சொல்லவேண்டுமாம், அதற்காக, அப்பா, நீங்கள் வலை பின்னிக்கொண்டே எனக்கும் நர்மதாவுக்கும் சொன்ன மிருகக் கதைகளையெல்லாம் எழுதி அனுப்புங்கள், நாங்கள் குடும்பமாக உட்கார்ந்து படித்து ரசிக்கிறோம், முக்கியமாக அந்தக் கொக்கும் நண்டும் கதையை மறந்துவிடாதீர்கள் என்று எழுதியிருக்கிறாய். அப்பாவாம். நைனா என்று எழுதினால் மும்பையில் பேனா எழுதாது போலிருக்கிறது. இருக்கட்டும். பேத்தி கேட்கிறாளே என்று நானும் மூன்று நாள் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குரங்கின் ஈரலைக் கேட்ட முதலைக் கதையை எழுதலாம் என்று பார்த்தால், பொண்டாட்டி பேச்சைக் கேட்டுத் தோஸ்தையே முதுகில் ஏற்றிக்கொண்டு கொல்லப்போன கதை அது, மருமகள் தன்னைச் சொல்வதாக நினைத்துக்கொள்வாள், அதை எழுதாதே என்று உன் அம்மா தடுத்துவிட்டாள். சாயத் தொட்டியில் விழுந்துவிட்டு நான்தான் ராஜா என்று வந்து நின்ற நரியின் கதையை எடுத்தேன், பாதி எழுதும்போதே எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது, கிழித்துப் போட்டேன். சிங்கமும் முயலும் கதையில் முயல் ஜெயிக்கிறது, அதை எழுத எனக்கு மனசு வரவில்லை, முயல் ஜெயித்து நான் பார்த்ததில்லை. கடைசியில் நீ கேட்ட கொக்குதான் மிச்சம். அதைக் கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது என்றுதான் மூன்று நாளும் யோசித்தேன். தெரிந்து கேட்டாயா, தெரியாமல் கேட்டாயா?

சரி, கதையை எழுதுகிறேன், பாப்பாவுக்கு இந்த ஒரு பத்தியை மட்டும் படித்துக் காட்டு, மற்றதைப் படிக்காதே. எண்ணூர்க் கழியில் ஒரு கிழட்டுக் கொக்கு இருந்தது. குனிந்து மீன் கொத்த முடியாத வயசு. ஒருநாள் அது ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கண்ணீர் விட்டது, மடவை மீன்கள் வந்து என்ன பெரியவரே அழுகிறீர் என்று கேட்டன, அதற்குக் கொக்கு, இந்தக் கழி வற்றப்போகிறதாம், ஆள்கள் பேசிக்கொண்டு போனதைக் காதால் கேட்டேன், உங்களை நினைத்துத்தான் அழுகிறேன் என்றது. மீன்களுக்கு ஈரக்குலை நடுங்கிப்போயிற்று. வடக்கே ஆழமான மடு ஒன்று இருக்கிறது, என் அலகில் ஒவ்வொருவராக வாருங்கள், கொண்டுபோய் விடுகிறேன் என்றது கொக்கு. அது பெரியவர், வெள்ளை உடுத்தியவர், எத்தனையோ வருஷமாகப் பக்கத்திலேயே நின்றவர், அதனால் நம்பின. நான் முதலில் நான் முதலில் என்று ஏறிக்கொண்டன. மடுவும் இல்லை மண்ணும் இல்லை, ஒரு பாறைமேல் போட்டு ஒவ்வொன்றாகத் தின்றது. கடைசியில் நண்டு என்னையும் கொண்டுபோ என்றது, மேலேயிருந்து பார்த்தால் பாறையெல்லாம் மீன் முள், நண்டு கொடுக்கால் கொக்கின் கழுத்தை ஒரே இறுக்காக இறுக்கிவிட்டது. அந்த இடம் வரும்போது நான் உன் கழுத்தில் கிள்ளுவேன், நீ கூச்சல் போட்டுச் சிரிப்பாய். நர்மதா மட்டும் சிரிக்கமாட்டாள். போன மீன் ஒண்ணுகூட திரும்பி வர்லியே நைனா, மத்த மீனுக்கெல்லாம் அது தோணவே இல்லியா என்று கேட்பாள். நம்பிச்சுங்க கண்ணு என்பேன் நான். 

இனி எழுதுவது உனக்கு. போன வருஷம் சித்திரையில் உன் கம்பெனி ஆள்கள் ரோட்டை அகலப்படுத்தவும் கரையில் கல் கொட்டவும் நம் குப்பத்து அறுபத்திரண்டு வீட்டையும் காலி செய்யவேண்டும் என்று வந்தபோது ஊரே கொதித்தது உனக்குத் தெரியும். அந்தச் சமயத்தில்தான் உன் கடிதம் வந்தது. கல்லுக்கு நடுவில் அறுபது அடி விட்டுப் படகு ஏற்றி இறக்க இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், வீடு கடலுக்கு நடந்து போகும் தூரத்தில்தான் தருகிறார்கள், பிளான் போடுகிற இடத்திலேயே நான் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா, நீங்கள் தைரியமாக ஊரைச் சம்மதிக்க வையுங்கள் என்று எழுதியிருந்தாய். நான் அந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. மகன் எழுதினான் என்று சொன்னால் என் பெருமைக்குக் குறைச்சல் வந்துவிடும் என்று நினைத்தேன், நானே போய் எல்லாம் விசாரித்தமாதிரி எல்லையம்மன் கோயில் வாசலில் ஊர்க் கூட்டத்தில் நின்று, படகுக்கு இடம் உண்டு, கடலும் கையெட்டும் தூரத்தில் உண்டு என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தேன். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. என்னைப்போல் பஞ்சாயத்தார் ஒருவர் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்துவிட்டால் அதற்குமேல் பேச்சு கிடையாது, அறுபத்திரண்டு வீட்டுக்கும் அதுவே முடிவு. தவசிமுத்து ஒருவன்தான் எழுந்து, அல்லாம் சரி மாமு, எழுத்துல இன்னா கீது, ஒரு பேப்பர் வாங்கிக்கலாமே என்றான். ஊரே அவன்மேல் பாய்ந்தது. தண்டபாணி கற்பூரம் அடிச்சப்பறம் இன்னாடா பேப்பர், பெரிய மன்சனை நம்பமாட்டியா நீ என்று கத்தினார்கள். எனக்கும் கோபம் வந்தது, அன்று முதல் ஆறு மாசம் தவசிமுத்துவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்ட ஒரே மனிதனை நான் பகைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் முதல் நாற்பது வீடு போனது. நர்மதாவும் மாப்பிள்ளை குமாரவேலும்தான் முதல் லாரியில் ஏறினார்கள், பெரியவர் மகளே போகிறாள் என்று மற்றவர்களும் ஏறட்டும் என்று நான்தான் ஏற்றிவிட்டேன். தட்டுமுட்டுச் சாமானுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அவள் கையாட்டினாள். நான் போகவில்லை, பஞ்சாயத்தார் கடைசியில்தான் போகவேண்டும் என்றேன், கடைசியில் நீங்கள் இரண்டு பேரும் என்னோடு மும்பைக்கு வந்துவிடுங்கள் என்று நீயும் எழுதியிருந்தாய். போய்ப் பார்த்தால் வீடு புழலுக்கும் அந்தப் பக்கம். நாலு மாடிக் கட்டிடம், சுற்றிலும் முள்ளுக்காடு. கடலுக்கு இரண்டு பஸ் மாறவேண்டும், படகு இறக்கும் நேரத்துக்கு முதல் பஸ்ஸே கிடையாது. பொம்பளைகள் மீன் கூடையோடு ஏறினால் நாத்தம் அடிக்குது எறங்கும்மா என்று கண்டக்டர் விசிலடித்து இறக்கிவிடுகிறான். குமாரவேல் ஒரு மாசம் இங்கே வந்து எங்கள் வீட்டில் படுத்துக்கொண்டு தொழிலுக்குப் போய்ப் பார்த்தான், மார்கழியில் கல் கொட்டுகிறவர்கள் கரையில் இருந்த ஏழு படகை மெஷினால் தள்ளி ஓரம் கட்டினார்கள், அவன் படகின் அடிப்பலகை பிளந்துபோயிற்று. அறுபது அடி இடம் எங்கே என்று கேட்டேன். எந்த அறுபது அடி என்றார்கள். குமாரவேல் இப்போது ஒரு கன்டெய்னர் யார்டில் வாசலில் நின்று லாரிக்குக் கம்பைத் தூக்கிவிடுகிறான். நடுக்கடலில் காற்று திரும்பும் நேரத்தை மூக்கால் சொல்லிவிடுகிற பையன் அவன். என்மேல் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நம் ஊர்க் கட்டுப்பாடு ஒன்று நீ சின்ன வயசில் கேட்டிருப்பாய், கற்பூரம் பொய்த்தவன் கரைவலைக் கயிற்றைத் தொடக்கூடாது. என்னை யாரும் கூப்பிட்டு உட்காரவைத்து அதைச் சொல்லவில்லை. தை மாசம் மிச்சம் இருந்தவர்கள் கரைவலை இழுத்தார்கள், நான் எப்போதும்போலக் கயிற்றில் கைவைக்கப் போனேன், தவசிமுத்து பெண்சாதி அன்புக்கரசி என் கையை மெதுவாக எடுத்துவிட்டு, நீ வுடு மாமா, நாங்க இஸ்துக்கிறோம் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நாற்பத்துமூன்று வருஷம் இழுத்த கயிறு. நான் வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டேன், உன் அம்மா காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு மாசியில் நர்மதாவைப் பார்க்கப் புழலுக்குப் போனேன். படியேறும்போதே மேலேயிருந்து பிள்ளைகள் கொக்கு வருது கொக்கு வருது என்று கத்தினார்கள். அந்தக் கதையை அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னவனும் நான்தான், குப்பத்தில் என் வாயால் கேட்காத பிள்ளை எது. நர்மதாவின் மகள் ரமா ஓடிவந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, தாத்தா தாத்தா, அல்லாரும் சொல்றாங்கோ, நீ நெஜமாவே கொக்கா என்று கேட்டது.  நர்மதா உள்ளேயிருந்து வந்து குழந்தையை அதட்டவில்லை. எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள், நான் குடித்து முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதுவரைக்கும் நான் உன்னை ஒன்றும் நினைக்கவில்லை என்பதை நீ நம்பவேண்டும். பையனையும் ஏமாற்றியிருப்பார்கள், பெரிய கம்பெனி, அவன் பாவம் என்ன செய்வான் என்றுதான் உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாசம் தவசிமுத்து கோர்ட்டில் கேஸ் போட்டு, வக்கீல் மூலமாகக் கம்பெனியின் வரைபடத்துக்கு ஒரு நகல் வாங்கினான். ஊரில் வேறு யாரிடமும் காட்டாமல் நேராக என்னிடம் கொண்டுவந்தான். கதையில் நண்டு கழுத்தை இறுக்கியது, இவன் என் பக்கத்தில் உட்கார்ந்து, மாமு, பேஜார் பண்ணிக்காத, இத்த ஒரு தபா பாரு என்று மட்டும் சொல்லி விரித்தான். கரை முழுக்கக் கல், இடைவெளி ஒரு அடி இல்லை. வீடு இருக்கும் இடத்தில் புழல் என்று போட்டிருக்கிறது. ஓரத்தில் தேதி 12.3.2002. கீழே வரைந்தவர் என்ற இடத்தில் உன் கையெழுத்து. வெ எழுதிக் கொம்பைச் சுழித்து வாலை இழுத்துவிடுவாயே, எட்டாம் வகுப்பில் பிராக்ரஸ் கார்டில் என் கையெழுத்தை நீயே போட்டுவிட்டு மாட்டிக்கொண்ட அன்றைக்கு இனி உன் பெயரைத்தான் போடவேண்டும் என்று நான் உட்காரவைத்துப் பழக்கிய அதே கையெழுத்து. உன் கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தேதி பார்த்தேன். 28.4.2002. வரைந்து ஒன்றரை மாசம் கழித்துத்தான் எனக்கு எழுதியிருக்கிறாய்.

ஏண்டா வெற்றி? யாராவது மிரட்டினார்களா, எழுதாவிட்டால் வேலை போய்விடும் என்றார்களா? அப்படியென்றால் நைனா இப்படி ஒரு சங்கடம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் கோயில் வாசலுக்கே போயிருக்கமாட்டேனே. உனக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தபோது ஊரே வந்து உன்னை ரயில் ஏற்றிவிட்டது, தவசிமுத்துதான் உன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். போன வருஷம் வைகாசியில் பிரமோஷன் என்று நீ ஸ்வீட் அனுப்பினாய், உன் அம்மா அதை அறுபத்திரண்டு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். எதற்காகக் கிடைத்த பிரமோஷன் என்று இப்போது ஊருக்கே தெரியும். எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. அதைவிட என்மேல் அருவருப்பு இருக்கிறது. நீ ஒரு பேப்பரில் எழுதினாய், நான்தான் என் வாயால் ஊருக்குச் சொன்னேன், என் கையால் கற்பூரம் அடித்தேன். நீ கொக்கு என்றால் நான் அதன் அலகு.

இப்போது மிச்சம் இருபத்திரண்டு வீடு. புரட்டாசிக்குள் காலி செய்யவேண்டும் என்று கம்பெனி ஆள்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள், பெரியவர் முன்னே சத்தியம் செய்தாரே, மறுபடி ஒருமுறை பேசட்டுமே என்று என்னிடமே வந்து சிரித்தார்கள். வக்கீல் சொல்வது என்னவென்றால், வரைபடம் மட்டும் போதாது, நாங்கள் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை, இவர்களாகவே போனார்கள் என்று கம்பெனி சொல்லும், ஏமாற்றித்தான் அனுப்பினார்கள் என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருந்தால் மிச்ச வீடுகள் நிற்கும், போனவர்களுக்கும் கரையில் இடம் கேட்கலாம். எழுத்தில் இருப்பது ஒன்றே ஒன்றுதான், அது என் பெட்டியில் இருந்தது. உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கடிதத்தைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டாள். பெத்த புள்ளைய காட்டிக் குடுப்பியா, அவன் வேலை பூடுமே, ஜெயில்ல கீல்ல போட்டா இன்னா பண்ணுவே, நீ மன்சனா என்று கத்தினாள். இரண்டு நாள் வீட்டில் உலை வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை, அவள் சொல்வதும் நியாயம்தானே, கொக்கானாலும் என் பிள்ளை.

மூன்றாம் நாள் அவள் மீன் விற்கத் தேரடிக்குப் போனாள். எப்போதும் போகாத ஒரு தெருவில் ஒரு மாடி வீட்டு வாசலில் கூடையை இறக்கி அம்மா மீனு என்று கூவியிருக்கிறாள். கதவைத் திறந்துகொண்டு வந்தது நர்மதா. கையெல்லாம் சாம்பல். அந்த வீட்டில் பாத்திரம் துலக்குகிறாளாம், ஐந்து மாசமாக, புழலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து. நம் வீட்டுக்கு அங்கிருந்து அரை மைல், ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. உன் அம்மாவைப் பார்த்ததும், இந்தூட்டு அம்மா கேட்டா என்னத் தெரியாதுன்னு சொல்லு, மீன்காரி பொண்ணுன்னு தெரிஞ்சா வேலைக்கு வெச்சுக்க மாட்டாங்கோ என்று காதோடு சொல்லியிருக்கிறாள். உள்ளேயிருந்து அந்த வீட்டம்மா விலை கேட்டிருக்கிறாள், உன் அம்மா அவள் சொன்ன விலைக்கே போட்டுவிட்டு, தன் மகளிடமே பாத்திரம் கேட்டு வாங்கி மீனைக் கொட்டிக் கொடுத்துவிட்டு, யாரோ மாதிரி திரும்பி வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து கூடையை வைத்தாள், கைகூடக் கழுவவில்லை, டிரம்முக்குள் முழங்கை வரை விட்டு உன் கடிதத்தை எடுத்தாள். அரிசியைத் தட்டிவிட்டு என் முன்னால் வைத்தாள். போ என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் ஊரைக் கூட்டி, புழலில் இருக்கிறவர்களையும் வரச்சொல்லி, உன் கடிதத்தை முழுக்கப் படித்தேன். கற்பூரம் எடுத்துவந்தார்கள், வேண்டாம் என்றேன், என் கைக்கு இனி அந்த யோக்கியதை இல்லை. யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை, எழுந்து போனார்கள். சனிக்கிழமை காலையில் தவசிமுத்துவோடு போய்க் கடிதத்தை வக்கீலிடம் கொடுத்துவிட்டேன், முதல் சாட்சியாக என் பெயரை எழுதிக்கொண்டார். உன் பெயரை எப்படி எழுதவேண்டும் என்று கேட்டார், அப்பா பெயர் தண்டபாணி என்று நான்தான் சொன்னேன்.

பாப்பாவை வெயிலில் விடாதே, அவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட மருமகளிடம் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, எரிச்சல் வந்தால் அவர்கள்மேல் காட்டாதே, அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. என்ன இருந்தாலும் நீ எனக்குப் பிறந்தவன், நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இரு, எல்லையம்மன் உனக்கு நல்ல புத்தியையும் உண்மையைச் சொல்லத் தைரியத்தையும் கொடுக்கட்டும். உன் அம்மாவும் ஆசீர்வாதம் எழுதச் சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள்.

மறக்காமல் இருக்க ஒன்று. இன்னும் பத்துப் பதினைந்து நாளில் கோர்ட்டிலிருந்து உன் வீட்டு விலாசத்துக்கு ரிஜிஸ்தர் தபால் வரும், விலாசம் நான் கொடுத்ததுதான். ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பாதே, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் நைனா
தண்டபாணி